விளக்கு சிமிட்டினா எண்ணிப் பாருங்க: சதீஷ் தவான் கதை



மழை பிடிச்சா நம்ம குலசேகரத்துல கரண்டு போறதும் வர்றதும் பழகிப்போன விஷயம். அப்படி ஒரு நாள் கரண்டு வந்ததும் உங்க புராஜெக்ட் ராஸ்பெர்ரி பை போர்டை ஆன் பண்றீங்க. திரையில ஒண்ணும் வரல. ஓரத்துல இருக்கிற பச்சை விளக்கு மட்டும் சிமிட்டுது. எத்தனை தடவைன்னு எண்ணியிருக்கீங்களா? 7 தடவைன்னா கெர்னல் ஃபைல் கிடைக்கல. 8 தடவைன்னா ரேமில் கோளாறு.

போர்டு எழும்பும்போது, சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம்தான் முதலில் ஓடும். அது அடுத்த புரோகிராமைத் தேடி ஏற்றும். நடுவில் ஏதாவது மக்கர் பண்ணினால் பல நேரம் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. அதனால்தான் விளக்கு. பழைய டெஸ்க்டாப்பில் பீப் சத்தம். நாம என்ன பண்றோம்? பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகுறோம்!

இப்படி ஒரு எச்சரிக்கையைத் தாண்டிப் போன ராக்கெட் ஒண்ணு உண்டு. அன்றைக்கு இஸ்ரோ தலைவராக இருந்தவர் சதீஷ் தவான். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வைத்திருக்கிற பேர் இவரோடதுதான்.

1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் கணிதம், இயற்பியல், மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டமும் வாங்கினார். (நமக்கு ஒரு அரியரே பெரும்பாடு!) அமெரிக்காவின் கால்டெக்கில் 1951-ல் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, பிறகு அதன் இயக்குநரானார். 1971 கடைசியில் விக்ரம் சாராபாய் திடீரென்று இறந்தபோது, விண்வெளித் துறையை ஏற்கச் சொல்லி இந்திரா காந்தி அழைத்தார். கழகத்தின் இயக்குநர் வேலையை விட மாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு 1972-ல் பொறுப்பேற்றார்.

அவர் காலத்தில் நமக்குப் பக்கத்துல, திருவனந்தபுரத்துல உருவானதுதான் எஸ்.எல்.வி-3. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 1979 ஆகஸ்ட் 10. புறப்பட சில நிமிடங்களே இருக்கும்போது, சோதனை செய்துகொண்டிருந்த கணினி கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. கூட இருந்த நிபுணர்கள், மிச்சம் இருப்பதே போதும் என்றார்கள். கலாம் கணினியின் பேச்சைத் தாண்டி ராக்கெட்டை ஏவ முடிவெடுத்தார். முதல் கட்டம் நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அழுக்கு சேர்ந்து ஒரு வால்வு மூடாமல் போனதும், அதன் வழியே அமிலம் வடிந்துபோனதும் பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது. கணினி சரியாத்தான் சொல்லியிருந்தது.

இப்போ தவான் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கணினியை மீறியது யார் என்று கை காட்டுவது ரொம்ப எளிது. அவர் அதைச் செய்யவில்லை. தானே போய் உட்கார்ந்து, பொறுப்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். குழுவின் மேல் நம்பிக்கை இருப்பதாகவும், அடுத்த வருஷம் ஜெயிப்போம் என்றும் சொன்னார். 1980 ஜூலை 18-ல் அதே எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றைக்குப் பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவைத்தார்.

அவர் பழியைக் கீழே தள்ளியிருந்தால், அந்த வால்வு பற்றி யாராவது வாயைத் திறந்திருப்பார்களா? திட்டு விழும்னு பயந்தா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க.

1984 வரை இஸ்ரோ தலைவராக இருந்த தவான், 2002 ஜனவரியில் காலமானார். அதே வருஷம் ஏவுதளத்துக்கு அவர் பெயர் வந்தது.

அடுத்த தடவை உங்க போர்டு சிமிட்டினா, பிளக்கைத் தொடாதீங்க, எண்ணுங்க. ஜூனியர் ஒருத்தன் வந்து, அண்ணா, ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன்னு சொன்னா, அவன் மேல சாடாதீங்க. அவனும் ஒரு பச்சை விளக்குதான்.