சின்னச் செருப்புச் சக்கரவர்த்தி

ரோமாபுரி என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் இருவர். ஒருவன் கத்திக்குத்துப்பட்டு வீழ்ந்த ஜூலியஸ் சீசர்; மற்றவன் ஊர் எரியும்போது பிடில் வாசித்ததாகப் பேர் வாங்கிய நீரோ. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், மூன்று ஆண்டு பத்து மாதம் மட்டுமே அரியணையில் இருந்து, இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொடுங்கோலுக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறவன் கலிகுலா. இயற்பியல் மாணவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 24. என்னைவிட நான்கே வயது மூத்தவன். அதுதான் என்னை அவன் பக்கம் இழுத்தது.

இயற்பெயர் கையஸ். பிறந்தது கி.பி. 12, ஆகஸ்டு 31. தந்தை ஜெர்மானிக்கஸ் மக்கள் உயிராய்ப் போற்றிய தளபதி. ரைன் நதிக்கரைப் பாசறையில் இருந்தபோது குழந்தைக்குச் சிப்பாய் உடை மாட்டி, காலில் சின்னஞ்சிறு போர்ச்செருப்பும் போட்டு அழகு பார்த்தார்கள். ரோமச் சிப்பாயின் செருப்புக்குக் கலிகா என்று பெயர். கலிகுலா என்றால் சின்னச் செருப்பு. சிப்பாய்கள் கொஞ்சிக் கூப்பிட்ட இந்தப் பெயரைப் பின்னாளில் அவன் வெறுத்தான்.

அவன் ஏழு வயதில் தந்தை அந்தியோக்கியாவில் இறந்தார். விஷம் என்று ஊர் பேசிற்று. பிறகு, பாட்டன் முறையான சக்கரவர்த்தி திபேரியஸின் சந்தேகம் அக்குடும்பத்தின் மேல் விழுந்தது. தாய் அக்ரிப்பினா தீவாந்தரம் அனுப்பப்பட்டு 33-இல் மாண்டாள். மூத்த அண்ணன் வேறொரு தீவில் மடிந்தான். இரண்டாம் அண்ணன் அரண்மனை நிலவறையில் உணவின்றி இறந்தான். அந்தச் சமயத்தில் நம் கையஸ் எங்கே இருந்தான் தெரியுமா? காப்ரி தீவில், அதே திபேரியஸின் மாளிகையில், அவனோடு விருந்துண்டுகொண்டு! வாயைக் கிளறிப் பார்க்கப் பலர் முயன்றும், தாயைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வயதுதானே அவனுக்கும் அப்போது!

37 மார்ச்சில் திபேரியஸ் இறந்தான். கிழவனின் உயிலில் பேரன் ஜெமெல்லஸுக்கும் சரிபங்கு இருந்தது. செனட் சபை அந்த உயிலைச் செல்லாதென்று தள்ளி, அதிகாரம் அனைத்தையும் கலிகுலாவிடம் கொடுத்தது. ஒரு படையை நடத்தியவனல்லன். ஒரு மாகாணத்தை ஆண்டவனல்லன். குவெஸ்டர் என்னும் கீழ்ப்பதவி ஒன்றுதான் அவன் அனுபவம். அவனிடம் ஓர் உலகையே ஒப்படைத்தார்கள்.

தொடக்கம் என்னவோ நன்றாகவே இருந்தது. புயலையும் பாராமல் கப்பலேறித் தாயின் அஸ்தியைத் தானே கொண்டுவந்தான். நாடு கடத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தான். முதல் மூன்று மாதங்களில் நன்றிக்கடனாக 1,60,000 பிராணிகள் பலியிடப்பட்டன என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அவ்வாண்டு அக்டோபரில் கடும் நோய் கண்டது. அரசன் பிழைத்தால் என் உயிரையே தருவேன் என்று ஒருவன் வேண்டிக்கொண்டான். வாள்போர்க் களத்தில் இறங்குவேன் என்றான் இன்னொருவன். நல்ல சன்மானம் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. கலிகுலா எழுந்தான், இருவரையும் நேர்த்திக்கடனைச் செலுத்த வைத்தான்!

பின்பு நடந்தவை பலரும் அறிந்தவை. ஜெமெல்லஸும், அரியணை ஏறத் துணைநின்ற மெய்காவல் தலைவன் மாக்ரோவும் சாகும்படி நெருக்கப்பட்டார்கள். மூத்த செனட்டர்கள் நீண்ட அங்கியோடு அவன் ரதத்தின் பக்கத்தில் மைல் கணக்கில் ஓடினார்கள். 39-இல் பாயே விரிகுடாவில் கப்பல்களை வரிசையாகக் கட்டி, மண் கொட்டிப் பாதையமைத்து, கடல்மேல் குதிரை ஓட்டினான். தானியக் கப்பல்களையும் பிடித்துக்கொண்டதால் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தது. கஜானா காலியானதும் புதுப்புது வரிகள் போட்டான். வரிச்சட்டத்தை மக்கள் கேட்டபோது, பொடி எழுத்தில் எழுதி, யாரும் நகலெடுக்க முடியாத இடுக்கில் மாட்டினானாம். ஓர் ஏலத்தில் அபோனியஸ் என்ற பெரிய மனிதர் தூக்கத்தில் தலையை ஆட்ட, அதையே சம்மதமாகக் கொண்டு 13 வாள்வீரர்களை 90 லட்சம் செஸ்டர்ஸுக்கு அவர் தலையில் கட்டிவிட்டார்கள். பின்பெஞ்சு நண்பர்கள் கவனிக்க!

குதிரைக் கதைக்கு வருகிறேன். இன்சிட்டாட்டஸ் என்பது அவன் பந்தயக் குதிரை. அதற்குப் பளிங்கில் கொட்டில், தந்தத்தில் தொட்டி, ஊதாப் போர்வை. அதற்குக் கான்சல் பதவி தரவும் எண்ணியிருந்தானாம். கொடுக்கவில்லை, எண்ணியதாகத்தான் நூல்கள் கூறுகின்றன. விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். வாழ்நாளெல்லாம் மாடுகளோடு இருந்தவர். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் இருந்த மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு மறுபடியும் படித்தேன். தங்கை துருசில்லா 38-இல் இறந்தபோது அவளைத் தெய்வமாக்கினார்கள். அவள் வானுலகம் ஏறியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு செனட்டர் சத்தியம் செய்து, பத்து லட்சம் செஸ்டர்ஸ் பெற்றுக்கொண்டார். கொடுமை அவனுடையது, சரி. கைதட்டியவர்கள் யார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூட்டோனியஸ் எழுதியது அவன் இறந்து ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின். டியோ காசியஸ் எழுதியது அதற்கும் நூறாண்டு கழித்து. டாசிட்டஸ் எழுதியவற்றில் இவ்வாட்சி பற்றிய பகுதி கிடைக்காமலே போயிற்று. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய அளவீட்டை நம் விரிவுரையாளர் ஏற்கமாட்டார். ஆகையால் சிப்பிகளைப் பொறுக்கச் சொன்னான் என்பது போன்ற கதைகளை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் அவனை நேரில் கண்ட பைலோவும் செனக்காவும் நல்லவிதமாக எழுதவில்லை. எருசலேம் கோயிலில் தன் சிலையை வைக்கக் கட்டளையிட்டதையும், சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ் அதை நாள்கடத்தியதையும் மறுக்க இடமில்லை. மாட்டேன் என்று தாமதித்த ஒரு மனிதராவது இருந்தாரே!

அவனை முடித்தது செனட் அல்ல. காவற்படை அதிகாரி கெரேயாவின் மெல்லிய குரலைக் கேலி செய்து, தினமும் ஆபாசமான அடையாளச் சொற்களைக் கொடுத்துவந்தான். 41 ஜனவரி 24-இல், அரண்மனையின் குறுகிய வழி ஒன்றில் கெரேயாவும் கூட்டாளிகளும் அவனை வெட்டினார்கள். அப்போது வயது 28. மனைவியையும், பச்சைக் குழந்தையான மகளையும்கூட விடவில்லை. அக்குழந்தை என்ன பாவம் செய்தது?

குடியரசை மீட்பது பற்றிச் செனட் கூடிப் பேசிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே, திரைக்குப் பின்னால் நடுங்கி நின்ற சிற்றப்பன் கிளாடியசைக் கண்டெடுத்த காவற்படை வீரர்கள், பாசறைக்குத் தூக்கிச் சென்று சக்கரவர்த்தி ஆக்கினார்கள். ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் பேசப்பட்டது. மறுநாள் செனட் அதற்கும் தலையாட்டிற்று. கலிகுலாவின் சிலைகளைப் பகலில் உடைக்காமல், கிளாடியஸ் இரவோடு இரவாக அகற்றினான்.