கிராமத்தின் கணக்கைப் பார்த்த பெருந்தகை

கல்பாத்தி அக்கிரகாரத்திலிருந்தும் பாலக்காட்டுச் சீமையின் பிற கிராமங்களிலிருந்தும் பிழைப்பின் பொருட்டுப் புறப்பட்டு, இந்நகரில் குடியேறிய குடும்பங்கள் நாம். நெல்லும் நீரும் பனையும் நிறைந்த அந்த மண், தன் மக்களை ஏன் தொலைதூரம் அனுப்பியது என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவதுண்டு. வளமுள்ள கிராமம் வறுமையுறுவது ஏன் என்பதை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஜே. சி. குமரப்பா.

அவர் 1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பதே அவருடைய முதற்பெயர். இலண்டனில் கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் அத்தொழிலைச் சிறப்புற நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். இந்தியாவின் வறுமைக்குக் காரணம் தேடியபோது, அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கிலேயே அதனைக் கண்டார். உழவனிடம் திரட்டிய வரி, அவனுக்குப் பயன்படாமல் இராணுவத்துக்கும் கடனுக்கும் சென்றுகொண்டிருந்தது.

1929-இல் தாயகம் திரும்பியவர், அந்த ஆராய்ச்சியைக் காந்தியடிகளிடம் சபர்மதியில் காட்டினார். அடிகளோ அவரைக் கிராமத்துக்கே அனுப்பினார். குஜராத்தின் கேடா மாவட்டத்து மாதர் தாலூகாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில், வித்யாபீட மாணவர்களுடன் வீடு வீடாகச் சென்று வரவு செலவு எழுதினார். உழவனின் கையில் மிஞ்சுவதைக் காட்டிலும் நிலவரியின் சுமை பெரிது என்பது அதனால் புலப்பட்டது. மேனாட்டு உடையைத் துறந்து கதர் அணிந்தார், குடும்பத்தின் பழம் பெயரான குமரப்பா என்பதை மீண்டும் ஏற்றார், சிறையும் சென்றார்.

1934-இல் பீகார் நிலநடுக்க நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. காந்தியடிகளின் பரிவாரச் செலவைக்கூட அந்நிதியிலிருந்து கொடுக்க அவர் இசையவில்லை. அடிகளும் அதனை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தோன்றியபோது, அதன் காரியதரிசிப் பொறுப்பு குமரப்பாவை அடைந்தது. மகன்வாடியில் செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், சோப்பு முதலிய தொழில்களை ஆராய்ந்து, இளைஞருக்குப் பயிற்சி அளித்தனர்.

அவருடைய கொள்கை எளியது. கச்சாப் பொருள் கிராமத்தைவிட்டு மலிவாக வெளியேறி, பண்டமாகி விலையேறித் திரும்பும்போது, இடையிலுள்ள கூலியும் லாபமும் நகரத்தில் தங்கிவிடுகின்றன. ஆதலின் பொருள் விளையும் இடத்திலேயே வேலையும் நடக்கவேண்டும் என்றார். எல்லா இயந்திரங்களையும் அவர் வெறுத்தாரல்லர். மின்சாரம் போன்ற பெருந்தொழில்கள் பொதுவுடைமையாக இருத்தல் தகும் என்பதே அவர் கருத்து. ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது, நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றித் தம் முதன்மையான நூலை எழுதினார்.

இதனை நம் சீமைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1956 வரை பாலக்காடு சென்னை இராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கணவாய்க்குக் கிழக்கே கோயம்புத்தூரில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. மேற்கே நம் பக்கத்தில் வாழ்வு பெரும்பாலும் வயலையும் பாட்டத்தையும் நம்பியே நடந்தது. அரிசி ஆலைகள் பரவியபின் உரலும் உலக்கையும் ஓய்ந்தன. நெல் குத்திக் கூலி பெற்ற பெண்கள் வேலையிழந்தனர். ஆங்கிலம் கற்ற நம் முன்னோர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறினர். அப்பெண்களுக்கோ அந்த வழியும் இல்லை.

குமரப்பாவின் கணக்கு நம்மையும் விட்டுவைக்கவில்லை. காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவராயிருந்தார். உழுபவனுக்கு மேல் இடையாள் இருத்தலாகாது என்றும், விதவையர், சிறுவர், உடற்குறையுடையோர் ஆகியோர் நீங்கலாகப் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்றும் 1949-இல் வெளிவந்த அதன் அறிக்கை பரிந்துரைத்தது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தபோது, பாட்ட நெல்லை நம்பியிருந்த அக்கிரகாரக் குடும்பங்கள் பல நிலத்தை இழந்தன. அந்தத் துயரை நம் வீடுகள் நன்கறியும். ஆயினும் அந்நெல்லை விளைவித்தவன் தலைமுறைகளாகப் பெற்றது எவ்வளவு என்பதையும் பேரேட்டின் மறுபக்கத்தில் எழுதிப் பார்ப்பதே நேர்மை. நம் கல்வியும், நகரத்து உத்தியோகமும் அந்நெல்லிலிருந்து கிளைத்தவை.

இறுதி ஆண்டுகளில் மதுரைச் சீமையின் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்த அப்பெருந்தகை, 1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில் மறைந்தார்.

நாம் ஊருக்கு அனுப்பும் பணம் பெரும்பாலும் உறவினர் இல்லத்தோடு நின்றுவிடுகிறது. அங்குள்ள நெசவாளர், குயவர், அப்பளமும் கொண்டாட்டமும் இடும் பெண்கள் ஆகியோரின் பண்டத்தை உரிய விலைக்கு வாங்குவோமாயின், கூலி அங்கேயே தங்கும். நம் சங்கத்தின் விழாக்களுக்கு வேண்டியவற்றை இவ்வாறு தருவிப்பதில் தொடங்கலாம். குமரப்பாவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே ஆகுக.