ஜேம்ஸ் வாட்

ஜேம்ஸ் வாட் (ஜனவரி 30, 1736 – ஆகஸ்ட் 25, 1819) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தவர் இவரே என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் தாமஸ் நியூகோமனின் நீராவிப் பொறி, வாட் பிறப்பதற்கு முன்பே, 1712 இல் இயங்கத் தொடங்கிவிட்டது. அதன் எரிபொருள் செலவைப் பெரிதும் குறைத்து, ஆலைகளுக்கு ஏற்ற சீரான வேகத்தில் நீராவிப் பொறியை இயங்கச் செய்ததே வாட்டின் பங்களிப்பு ஆகும்.

வாழ்க்கை

வாட் கிரீனக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இலண்டனில் ஓராண்டு கருவி செய்யும் தொழிலைப் பயின்றபின், 1757 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டறை அமைத்தார். அங்கு நியூகோமன் பொறியின் மாதிரி ஒன்றைப் பழுதுபார்த்தபோது, உருளை ஒவ்வொரு முறையும் சூடாகிக் குளிர்வதால் பெருமளவு நீராவி வீணாவதைக் கண்டறிந்தார். நீராவியைத் தனிக் கலனில் குளிர்விக்கும் முறையை 1765 இல் உருவாக்கி, 1769 இல் காப்புரிமை பெற்றார். 1775 இல் பர்மிங்காம் தொழிலதிபர் மாத்யூ போல்டனுடன் கூட்டுச் சேர்ந்தார்.

வேகக் கட்டுப்படுத்தி

1781 க்குப் பின் இவரது பொறிகள் சுழல் இயக்கத்தையும் அளித்தன. ஆனால் சுமை குறைந்தால் பொறி விரைவதும், கூடினால் தளர்வதும் ஆலைகளுக்கு இடையூறாக இருந்தன. காற்றாலைகளில் அரைக்கும் கற்களின் இடைவெளியைச் சீராக்கச் சுழலும் குண்டுகள் முன்னரே பயன்பட்டன. இலண்டன் ஆல்பியன் ஆலையில் இத்தகைய அமைப்பைக் கண்ட போல்டன் 1788 இல் வாட்டுக்குத் தெரிவித்தார். வாட் அதனை நீராவிப் பொறிக்கேற்ப மாற்றியமைத்தார். வேகம் கூடும்போது இரு குண்டுகளும் வெளிநோக்கி விரிந்து, நீராவி வரும் வழியைச் சுருக்கும். வேகம் குறைந்தால் அவை தாழ்ந்து வழியைத் திறக்கும். அடிப்படைக் கருத்து தமது அல்லாததால், இதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

இவ்வமைப்பு வேகத்தை முற்றிலும் மாறாமல் வைப்பதில்லை. சுமை கூடினால் பொறி சற்றுக் குறைந்த வேகத்திலேயே நிலைகொள்ளும். சில வேளைகளில் வேகம் ஏறியிறங்கி ஊசலாடுவதும் உண்டு. இச்சிக்கலை 1868 இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்தார்.

புல்வெட்டி எந்திரங்களில்

பெட்ரோலில் இயங்கும் புல்வெட்டிகளின் கட்டுப்படுத்திகள் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்றில் வாட்டின் அமைப்பைப் போலவே சிறு எடைகள் சுழன்று விரிகின்றன. மற்றொன்றில் சுழல்சக்கரத்தின் காற்று ஒரு தகட்டைத் தள்ளுகிறது. இரண்டிலும் எடையோ காற்றோ எரிபொருள் கலவை செல்லும் வழியை மூட முயல, ஒரு சுருள்வில் அதனைத் திறக்க முயல்கிறது. வேகத்தை மாற்றும் கைப்பிடி இருப்பின், அது பொதுவாக வில்லின் இழுவிசையையே மாற்றுகிறது. அடர்ந்த புல்லில் வேகம் தளரும்போது, எவரும் தொடாமலேயே வழி திறந்து, எந்திரம் இழந்த வேகத்தைப் பெருமளவு மீட்கிறது.

இறுதிக் காலம்

காப்புரிமை முடிந்த 1800 இல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். 1819 இல் பர்மிங்காமுக்கு அருகிலுள்ள தமது ஹீத்ஃபீல்டு இல்லத்தில் காலமானார். திறனின் அலகான வாட்டு இவரது பெயரைத் தாங்கியுள்ளது.