விண்கல்லில் ஒரு பெயர்

லான்ஸ்டேலைட் என்று ஒரு வைர வகை உண்டு. அது யார் பெயரால் வழங்குகிறது என்று தேடிப் போனேன். ஓர் அம்மையார் எதிர்ப்பட்டார்.

கேத்லீன் லான்ஸ்டேல் 1903-இல் அயர்லாந்தில், அஞ்சலகத்தில் பணியாற்றிய ஒருவரின் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார். வறுமை மிகுந்த வீடு. 1908-இல் தாய் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மூத்தவர்கள் படிப்பை விட்டு வேலைக்குப் போக, கடைக்குட்டிக்குப் படிக்க வாய்த்தது. என் அண்ணன் பத்தாவதோடு நின்று லாரிக் கிளீனராகப் போனதால்தான் நான் இன்று இயற்பியல் இரண்டாமாண்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்த இடத்தைச் சும்மா கடந்து போக என்னால் முடியவில்லை.

பெண்கள் பள்ளியில் இயற்பியல் இல்லை. ஆண்கள் பள்ளி வகுப்புக்குப் போய்ப் படித்தார். 1922-இல் பி.எஸ்சி. தேர்வில் இலண்டன் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். தேர்வாளராயிருந்த வில்லியம் பிராக் தம் ஆய்வுக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

படிகத்தின்மீது எக்ஸ் கதிர் விழுந்தால், அணுக்களால் சிதறும் கதிர்கள் சில திசைகளில் மட்டும் வலுப்பெற்று ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதியும். புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். அன்று கணிப்பொறி ஏது? எல்லாம் கைக்கணக்குத்தான். பென்சீன் வளையம் தட்டையா, மடிந்ததா என்ற நெடுநாள் வழக்கை, ஹெக்சாமெதில் பென்சீன் படிகத்தைக் கொண்டு 1929-இல் தட்டையே என்று தீர்த்து வைத்தார்.

போரை வெறுத்தவர். 1943-இல் குடிமைப் பாதுகாப்புப் பணிக்குப் பெயர் பதிய மறுத்தார். விதித்த 2 பவுன் அபராதத்தையும் கட்ட மறுத்தார். மூன்று குழந்தைகளின் தாய், ஒரு மாதம் ஹாலோவே சிறையில் இருந்தார். பெயரைப் பதிந்திருந்தால் விலக்கே கிடைத்திருக்கும்! இரண்டே ஆண்டில், ராயல் சொசைட்டி முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட இரு பெண்களுள் ஒருவரானார்.

பென்சிலில் உள்ள கிராபைட்டும் வைரமும் கார்பனே. விண்கல் பூமியில் மோதும் கணத்தில் எழும் பேரழுத்தத்திலும் வெப்பத்திலும் அதிலுள்ள கிராபைட் வைரமாக மாறுகிறது. சில இடங்களில் மட்டும் வழக்கமான கனசதுர அமைப்பை விட்டு அறுகோண அமைப்பைக் கொள்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேனியன் டயாப்ளோ விண்கல்லில் எக்ஸ் கதிர் கொண்டே இதை இனங்கண்டனர். வைரங்களையும் எக்ஸ் கதிரால் ஆராய்ந்த அம்மையாரின் பெயரை 1967-இல் இதற்கு இட்டனர். 1971-இல் அவர் மறைந்தார்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். அந்த வைரம் என்ன விலை போகும் என்று கேட்டார். மோதிரத்தில் பதிக்க முடியாத நுண்துகள் என்றேன்.