மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட பையன்

குழந்தைகளே, சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால், கும்மிடிப்பூண்டிக்கு அடுத்து எளாவூர் வரும். அதுதான் எங்கள் ஊர். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. மீன், இறால், நண்டு பிடித்துப் பிழைக்கும் குப்பங்கள் அந்த ஏரியைச் சுற்றி நிறைய உண்டு. தெற்கே திரும்பினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. அதாவது ஒரு பக்கம் வலை, இன்னொரு பக்கம் இயந்திரம்!

ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு வந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பெற்றோர் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் என்னிடமே படித்தவர்கள். பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா, பாலிடெக்னிக்கா, இன்ஜினீயரிங்கா என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். எத்தனை வருஷம் ஆகும் சார்?

சின்னக் கேள்விதான். ஆனால் ஏரியில் மீன்பாடு குறைந்த மாதத்தில் வீட்டுச் செலவைச் சமாளிக்கத் தெரியாமல் விழிக்கும் தகப்பனுக்கு, பிள்ளை இன்னும் ஒரு வருஷம் கூடுதலாகப் படிப்பது பெரிய பாரம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சிக்கு ஒரு வருஷம், எலெக்ட்ரீஷியன், பிட்டர் என்றால் 2 வருஷம். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போனால் 3 வருஷம். பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் என்றால் 4 வருஷம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள்.

இதே கேள்விக்காக, தான் பணம் கொடுத்து உருவாக்கிய கல்லூரியை விட்டே வெளியேறிய ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் ஜி.டி.நாயுடு. உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் கேள்விப்பட்டிருப்பார்கள்.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடம் என்றாலே அவருக்குக் கசப்பு. மணலை அள்ளி வாத்தியார் மேல் வீசிவிட்டு ஓடிப் போனார் என்று சொல்வார்கள்! நாற்பது வருஷம் கரும்பலகை முன் நின்ற எனக்கு இதை எழுதவே கை கூசுகிறது. நீங்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். பள்ளியை விட்டாரே தவிர, புத்தகத்தை விடவில்லை. தானாகவே தேடித் தேடிப் படித்தார்.

ஒரு நாள் கிராமத்துக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்த வண்டி. மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்ததும் துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது. இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது?

கேட்க ஆளில்லை. வாங்கப் பணமில்லை. என்ன செய்தார் தெரியுமா? கோவைக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். வருஷக் கணக்கில் காசு சேர்த்தார். சுமார் 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார்! அந்தக் காலத்தில் 300 ரூபாய் என்பது ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடும் பணம்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் தரையில் பரப்பினார். திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார். எந்தத் திருகு எங்கே போகும், எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று அவர் கைக்கே தெரிந்துவிட்டது. அதுதான் அவருடைய கல்லூரி. மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய ஞாபகம் வருகிறது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூட்டல் கணக்குக்கூடச் சரியாக வராது. மக்கு என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது எங்கள் பக்கத்துக் குப்பங்களில் பைபர் படகின் இன்ஜின் நின்றுவிட்டால் அவனைத்தான் தேடுகிறார்கள். சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். அவன் கை கற்றுக்கொள்ளும் கை என்பது எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

சரி, கதைக்கு வருவோம். துரைசாமி சும்மா இருக்கவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார், பணமும் சேர்ந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிதாக வியாபாரம் செய்து அத்தனையும் இழந்து திரும்பினார். பிறகு கோவையில் இருந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கைகொடுக்க, 1920-ம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது அந்த பஸ். டிரைவர் யார்? அவரேதான்! அந்த ஒரு பஸ் பெருகிப் பெருகி யுனைடெட் இல்லை, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. சுருக்கமாக யு.எம்.எஸ். என்பார்கள். 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. நேரம் தவறாத பஸ் என்று அதற்குப் பெயர்.

அத்தனை பஸ்ஸும் நேரத்துக்கு ஓட வேண்டுமானால் டிரைவர் மட்டும் போதுமா? இன்ஜின் பார்க்க, டயர் மாற்ற, மின் இணைப்பைச் சரிசெய்ய, உதிரிபாகம் கடைந்து தர என்று கைத்திறன் தெரிந்த ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அன்று எளிதில் கிடைக்கவில்லை. படித்தவர்கள் குமாஸ்தா வேலைக்குப் போனார்கள். கையில் கிரீஸ் படுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம் அது.

இதற்கிடையே இன்னொரு மாற்றம். 1932-ல் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆழமான கிணறுகளில் மாடு கட்டிக் கவலை இறைத்த விவசாயிகள், மோட்டார் வைத்துத் தண்ணீர் எடுக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் மோட்டார் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும்! நாயுடு, டி.பாலசுந்தரம் நாயுடு என்பவருடன் சேர்ந்து கோவை பீளமேட்டிலேயே மின் மோட்டார் தயாரித்தார். ஆண்டு 1937. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்கு நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் கோவை பம்ப்செட்டைப் பார்க்கலாம். அந்தத் தொழிலின் தொடக்கம் அதுதான்.

அவர் கண்டுபிடித்ததையும் செய்ததையும் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. பேட்டரியில் ஓடும் சவர ரேசர், மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, திருட்டு ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். அந்த ரேசர் ஜெர்மனியில் ஹைல்ப்ரான் என்ற நகரில் தயாராகி விற்பனையானது. புகைப்படத்திலும் பைத்தியம்! 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவிலேயே படம் பிடித்தார். 2,000 ரூபாயில் இரண்டு பேர் போகும் காரும் செய்தார். அதைத் தயாரித்து விற்க அரசு அனுமதி கொடுக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

1944-ல் மோட்டார் தொழில் பொறுப்புகளிலிருந்து விலகினார் நாயுடு. சம்பாதித்ததைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் தருவதாக அறிவித்தார். அவர் கொடுத்த நன்கொடையில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஓர் இன்ஜினீயரிங் கல்லூரியும் தோன்றின. அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அவர் பெயரையே இரண்டுக்கும் வைத்தார்கள். 1945-ல் கல்லூரி தொடங்கியது. அதன் பிரின்சிபால் யார் என்று நினைக்கிறீர்கள்? வாத்தியார் மேல் மணல் வீசிய அதே துரைசாமிதான்!

பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இன்ஜினீயரிங் படிப்பு எதற்கு 4 வருஷம்? ஏழைப் பிள்ளை அத்தனை காலம் எப்படிக் காத்திருக்கும்? எழுதுவதையும் மனப்பாடம் செய்வதையும் குறைத்து, பட்டறையில் வேலை செய்தபடி கற்றால் 2 வருஷமே தாராளம் என்பது அவர் கட்சி. மீதி 2 வருஷத்தில் அந்தப் பையன் சம்பாதிக்க ஆரம்பித்துவிடுவானே!

அரசு ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடுவும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

யார் பக்கம் நியாயம்? நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பாலம் கட்டுபவருக்கும் பெரிய இயந்திரத்தை வடிவமைப்பவருக்கும் கணிதமும் இயற்பியலும் ஆழமாகத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் பாலம் விழும். அந்த வகையில் அரசு சொன்னதிலும் நியாயம் உண்டு. தவிர, எல்லாப் பிள்ளைகளும் ஜி.டி.நாயுடு ஆகிவிட முடியாது. அவருக்கு இருந்த பிடிவாதம் ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும். ஆனால் மோட்டாருக்குக் கம்பி சுற்றவும், இன்ஜினைப் பழுது பார்க்கவும், கடைசல் இயந்திரம் ஓட்டவும் 4 வருஷம் தேவையா? அங்கே அவர் பக்கம்தான் நான்.

நாட்டிலும் அப்படிக் குறுகிய காலப் பயிற்சிக்கு இடம் பிறந்தது. 1950-ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நம் ஐ.டி.ஐ.க்கள் அதன் கீழ்தான் இயங்குகின்றன. தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே உதவித்தொகை வாங்கிக்கொண்டு கற்பதற்கு 1961-ல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. அப்ரண்டிஸ் என்று அக்கா, அண்ணன்மார் சொல்வார்களே, அதுதான். நாயுடு போய் வந்த ஜெர்மனியில் வாரத்தில் சில நாள் தொழிற்சாலை, சில நாள் பள்ளி என்று படிப்பவர்கள் ஏராளம்.

நாயுடு ராஜினாமா செய்த பிறகும் ஓயவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சியில் இறங்கினார். 1967-ல் கோவையில் நிரந்தரத் தொழிற்கண்காட்சி ஒன்றைத் திறந்தார். இயந்திரங்களை மக்கள் அருகில் போய்ப் பார்த்து, எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே அமைத்த கண்காட்சி அது. கோவை அவிநாசி சாலைக்குப் போனால் நீங்களும் பார்க்கலாம். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி காலமானார். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தந்து வருகிறது.

அவர் விட்டு வந்த கல்லூரி என்ன ஆயிற்று? 1950-ல் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. இன்று அதுதான் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஜி.சி.டி. என்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைக்காதா என்று ஏங்கும் அளவுக்குப் பெயர் பெற்ற கல்லூரி.

அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்து ஜி.டி.நாயுடு பெயரை வைத்தார்கள். அந்தப் பாலம் போகும் வழியில் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. கண்டக்டர்கள் இன்னும் அப்படித்தான் கூவுகிறார்கள். புதிதாகக் கோவைக்கு வந்தவர்கள் அங்கே இறங்கிக் காலேஜ் எங்கே என்று தேடுவார்கள். காலேஜ் அங்கே இல்லை!