துவிச்சக்கர வண்டி வீரர் யூஜேன் கிறிஸ்தோப்

வென்றவரை உலகம் கொண்டாடுவது இயல்பு. தாம் பெரிதும் விரும்பிய வெற்றி கிட்டாமற் போயும் மக்கள் உள்ளத்தில் நிலைத்துவிட்டவர் சிலர் உளர். பிரான்சு தேசத்து யூஜேன் கிறிஸ்தோப் அத்தகையவர்.

1885ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் பாரிசு நகர்ப்புறத்திற் பிறந்த இவர், இளமையிற் பூட்டுச் செய்யும் தொழிலைப் பழகினார். இரும்போடு பழகிய அக்கைகளே பிற்காலத்தில் அவருக்குத் துணைநின்றன.

இத்தாலியில் மிலான் நகரிலிருந்து கடலோரச் சான் ரெமோ வரை, ஒரே நாளில் ஓடி முடிக்கும் போட்டி 1907இல் ஆரம்பமாயிற்று. தூரம் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் கண்டி வீதியிற் பாதித் தூரம் ஓடுவதை ஒக்கும். நான்காவது போட்டி 1910 ஏப்ரல் 3ஆம் நாள் நடந்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். துர்க்கீனோ மலைக் கணவாயில் கடும் பனி கொட்டி வீதியை மூடிற்று. பலர் போட்டியைக் கைவிட்டனர்.

கிறிஸ்தோப்பும் விரல்கள் விறைத்து, வயிற்றுவலியால் துடித்து, வழியோரத்தில் நின்றுவிட்டார். அவ்வழி வந்த ஒருவர் அவரைத் தம் இடத்துக்கு அழைத்துச் சென்று, ஈர உடை களைந்து, கம்பளியாற் போர்த்தார். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே அங்கிருந்தார். வெளியே வேறு சிலர் வண்டியிற் போவதைக் கண்டதும், புகையிரதம் ஏறப் போவதாகச் சாட்டுச் சொல்லிவிட்டு வீதிக்கு இறங்கினார்! முன்சென்றோரை ஒவ்வொருவராகப் பின்தள்ளி, 12 மணி 24 நிமிடத்தில் முதல்வராகச் சான் ரெமோ சேர்ந்தார். அவருக்குப்பின் வந்து சேர்ந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

வெற்றிக்கு விலையும் இருந்தது. பனி தாக்கிய கைகளோடு ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடந்தார். பழைய பலம் திரும்ப ஈராண்டுகள் சென்றன.

1913இல் பிரான்சு சுற்றுப் போட்டியில், தூர்மலே மலையிறக்கத்தில் அவரது வண்டியின் முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. பிறர் உதவி பெறுவது விதிக்கு மாறு. வண்டியைத் தோளிற் சுமந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, செந்த் மரீ தெ காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையிற் புகுந்து, தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரமும் கூட்டப்பட்டது! முதலிடம் கைநழுவிப் போயினும் போட்டியை ஓடி முடித்தார்.

1919இல் அப்போட்டியின் முதலாவது மஞ்சட் சட்டையை அணிந்தவரும் அவரே. முடிவை நெருங்குகையில் மீண்டும் கவை முறிந்தது, மூன்றாமிடமே கிட்டிற்று. மனமிரங்கிய பொதுமக்கள் அவருக்கெனத் திரட்டிய நிதி முதற்பரிசை விஞ்சியது.

சுற்றுப் போட்டியை ஒருபோதும் வெல்லாமலே, 41ஆம் வயதில், 1926இல் அவர் ஓய்வுபெற்றார். 1951இல் அக்கிராமத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1970 பெப்ரவரி முதலாம் நாள் காலமானார்.

விளையாட்டு மைதானத்தை நாடும் வாலிபர், ஒரு கைத்தொழிலையும் பழகிக்கொள்வது நன்று. கால்கள் பெற்றுத்தந்த முதன்மையை விதி பறித்தபோது, கிறிஸ்தோப்பை வழியிற் கைவிடாதது அவர் கற்ற தொழிலன்றோ?