விளையாட்டைப் பாடமாக்கிய பிரெடரிக் புரோபெல்

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்னும் எழுத்துகளை இன்று நம் தெருக்களில் அறியாதார் இலர். அவற்றுள் 'கே.ஜி.' என்பது கிண்டர்கார்ட்டன் என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம் என்பதையும், குழந்தைத் தோட்டம் என்று பொருள்படும் அச்சொல்லை 1840ஆம் ஆண்டில் ஆக்கித் தந்தவர் பிரெடரிக் புரோபெல் என்பதையும் அறிந்தோர் சிலரே. மூன்று வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலைத் திணித்து, வீட்டுப்பாடம் கொடுத்து வருத்தும் இடங்களுக்கும் இப்பெயரே வழங்குவதைக் கண்டால் அப்பெரியார் நெஞ்சம் நொந்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

ஜெர்மனி நாட்டுத் தூரிங்கியா மலைப்பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் 1782 ஏப்ரல் 21 அன்று அவர் பிறந்தார். தந்தையார் கிறித்துவச் சமய குரு. ஓராண்டு நிறையுமுன்னே தாயை இழந்தார். மாற்றாந்தாய் தமக்கென ஒரு மகவு பிறந்தபின் இக்குழந்தையைப் பாராமுகமாய் விட்டார். தந்தையாரோ தாமே எழுத்துக் கற்பிக்க முயன்று, மகன் மந்த புத்தியினன் என்று முடிவு கட்டினார். இம்முடிவு நமக்குப் புதியதன்று. படிப்பு ஏறாது என்னும் சொல் நம் பிள்ளைகள் எத்தனை பேரின் நெற்றியில் ஒட்டப்பட்டது என்பதை நாம் அறிவோம். பத்து வயதளவில் தாய்மாமன் அழைத்துச் சென்று தம் இல்லத்தில் வைத்துக் கொண்டார். அன்பும் விடுதலையும் கிடைத்த அங்குதான் சிறுவனின் மனம் மலர்ந்தது.

அதன்பின் அவர் வாழ்வு நேர்வழியில் செல்லவில்லை. காட்டிலாகாப் பணியாளர் ஒருவரிடம் தொழில் பழகினார். ஜெனா பல்கலைக்கழகத்தில் பயிலும்போது கடனைத் தீர்க்க இயலாமல் ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் கிடந்தார். கட்டடக் கலை கற்கும் எண்ணத்தோடு 1805இல் பிராங்க்பர்ட் நகர் சென்றவர், அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். வகுப்பறையில் நின்ற அன்றே தம் தொழில் இதுவே என உணர்ந்தார். சுவிட்சர்லாந்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி தந்து புகழ்பெற்ற பெஸ்டலாசியிடம் 1808 முதல் 1810 வரை தங்கிப் பயின்றார். பின்னர் பெர்லினில் படிகங்களை ஆராய்ந்தார். ஒழுங்கான சில வடிவங்களிலிருந்து எண்ணற்ற வடிவங்கள் தோன்றும் விந்தை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கல் ஆராய்ச்சி குழந்தைக் கல்விக்கு எவ்வாறு பயன்படும் என்று அன்று எவரேனும் வினவியிருந்தால் விடை கிடைத்திராது.

கைல்ஹாவ் என்னும் ஊரில் அவர் நடத்திய பள்ளியைப் பற்றியும், 1826இல் மனிதக் கல்வி குறித்து எழுதிய நூலைப் பற்றியும் விரிப்பிற் பெருகும். அவர்தம் பெரும்பணி தொடங்கியது ஐம்பத்தைந்தாம் வயதில், 1837இல், பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில்.

அங்கே அவர் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள்களை வகுத்தார். அவற்றைப் பரிசுகள் என்று அழைத்தார். முதற்பரிசு ஆறு வண்ணக் கம்பளி நூற்பந்துகள். நூலில் கட்டிய பந்தை ஆட்டலாம், மறைக்கலாம், மீண்டும் காட்டலாம். இருத்தல், இல்லாமை, திரும்பி வருதல் என்னும் கருத்துகள் பேச்சு வருமுன்னே குழந்தைக்குப் புலனாகும். இரண்டாம் பரிசு மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை. கனசதுரத்தை ஒரு முகத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சுழற்றினால் அது உருளையாய்த் தோன்றும். மூன்றாம் பரிசு எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். நான்காம் பரிசிலும் எட்டுத் துண்டுகளே. ஆயின் அவை செங்கல் வடிவின.

மூன்றாம் பரிசைக் கையாளும் முறையை இளைஞர்கள் ஊன்றிக் காண வேண்டும். பெட்டியைக் கவிழ்த்து, மூடியை உருவி, பெட்டியைத் தூக்கினால் முழுக் கனசதுரம் குழந்தையின் முன் நிற்கும். முதலில் முழுமை, பின்னரே பகுதிகள். அவற்றைக் கொண்டு நாற்காலி, வீடு, பாலம் கட்டலாம். பாதி, கால், அரைக்கால் என்று எண்ணறிவு பெறலாம். நடுவிலிருந்து நாற்புறமும் ஒத்து விரியும் கோலங்கள் அமைக்கலாம். எட்டுத் துண்டுகளையும் பயன்படுத்த வேண்டும் என்பது ஒரு விதி. ஓர் உருவைக் கலைத்துத் தள்ளாது, துண்டுகளை ஒவ்வொன்றாய் நகர்த்தி அடுத்த உருவாக்க வேண்டும் என்பது மற்றொன்று. விதி சில, வழி பல. நல்ல விளையாட்டின் இலக்கணம் இதுவே என்பது நம் கருத்து.

பரிசுகளோடு கைத்தொழில்களும் இருந்தன: தாள் மடித்தல், தாள் கீற்றுகளைப் பாயென முடைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி உருவங்கள் சமைத்தல், களிமண் பிசைதல். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. கிராமத்துப் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களையும் அவர் கூர்ந்து நோக்கினார்; வட்டமாய்க் கைகோத்துப் பறவையாகவும் மீனாகவும் ஆலைச் சக்கரமாகவும் குழந்தைகள் மாறும் ஆட்டங்களை அமைத்தார். அறிஞர் ஒருவர் தெருப்பிள்ளைகளிடம் பாடம் கேட்டார் என்பதை நாம் மறத்தல் கூடாது.

பொருள் மட்டும் போதாது, ஆடத் தெரிந்த ஆசிரியர் வேண்டும் எனக் கண்ட அவர், இளம்பெண்களை அப்பணிக்குப் பழக்கினார். பெண்டிர்க்கு உயர்கல்வியின் கதவுகள் அடைத்திருந்த காலம் அது. ஆண்களே ஆசிரியத் தொழிலை நடத்திய அந்நாளில் பலர் இதனை ஏளனம் செய்தனர். 1849இல் லீபன்ஸ்டைன் என்னும் ஊருக்கு வந்து குடியேறிய இம்முதியவர் கிராமத்துக் குழந்தைகளோடு குதித்தாடுவதைக் கண்ட ஊரார் கிழட்டுப் பித்தன் என்று நகைத்தனர். அந்நகைப்பைக் கேள்வியுற்று, அவர் யாரெனக் காணச் சென்ற பெர்த்தா பான் மாரன்ஹோல்ட்ஸ் என்னும் சீமாட்டியே பின்னாளில் அவர் கொள்கையை ஐரோப்பா எங்கும் பரப்பினார்.

அருகிலிருந்த மரியெந்தால் மாளிகையில் 1850இல் ஆசிரியப் பயிற்சி நடந்தது. மாணவியர் விரிவுரை கேட்பதோடு நின்றாரில்லை. ஒவ்வொரு பரிசையும் தாமே கையில் எடுத்து ஆடினர். தாமே மடித்தனர், முடைந்தனர், புது உருவங்கள் கண்டனர். பின்னர் ஊர்க் குழந்தைகளைக் கூட்டி ஆடச் செய்து, அவர்கள் எங்கே மகிழ்கின்றனர், எங்கே சோர்கின்றனர் என்று நோக்கினர். ஆசிரியர் ஆடிப் பாராத விளையாட்டு வகுப்பில் உயிர் பெறாது. மாலைப் பள்ளிகளில் கற்பிக்கும் நம் தோழர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்நிலையில் 1851 ஆகஸ்டு 7 அன்று பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அவை நாத்திகத்தையும் சமதர்மத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. புரோபெலின் அண்ணன் மகன் கார்ல் புரோபெல் எழுதிய சிறுநூலை இவர் தலையில் ஏற்றிய குழப்பமும் அதில் கலந்திருந்தது. பிழையை எடுத்துக்காட்டி முறையிட்டும் பயன் விளையவில்லை. பந்தும் மரத்துண்டும் ஓர் அரசை அச்சுறுத்தின என்றால் நகைக்கத் தோன்றும். ஆயினும் 1848இன் புரட்சியை அடக்கியிருந்த ஆட்சியாளர்க்கு, எல்லா வகுப்புக் குழந்தைகளும் ஒரே வட்டத்தில் கைகோத்துத் தாமே சிந்திக்கப் பழகுவது விளையாட்டாகத் தோன்றவில்லை போலும். தடை நீங்குமுன்னரே, 1852 ஜூன் 21 அன்று புரோபெல் மரியெந்தாலில் காலமானார். தடை நீங்கியது 1860இல்.

அதற்குள் அவர்தம் மாணவியர் பல நாடுகளில் இப்பணியைத் தொடங்கிவிட்டனர். குறையும் சேர்ந்தே வளர்ந்தது. சில இடங்களில் ஆசிரியை சொற்படி எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே துண்டை எடுத்து வைக்கும் அணிவகுப்பாய் ஆட்டம் சுருங்கியது. வடிவங்களுக்கு அவர் கற்பித்த மறைபொருள்களை நாமும் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.

நம் நாட்டுப் பண்டித ரமாபாய் 1886இல் அமெரிக்கா சென்றபோது கிண்டர்கார்ட்டன் முறையை முனைந்து கற்றார். அதே அமெரிக்காவில், வெள்ளையர் பள்ளிகள் கருப்பினக் குழந்தைகளுக்குக் கதவடைத்திருந்த அட்லாண்டா நகரில், 1905இல் கருப்பின மகளிர் தாமே சங்கம் அமைத்து, வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காக இலவசக் கிண்டர்கார்ட்டன்களை நடத்தத் தொடங்கினர்.